ஆயிரத்து இருநூறு கலோரி, ஐந்நூறு ஸ்கிப்பிங்

மகள் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் கண்மாய்க்கரை வளைவில் திரும்பாமல் நேராகப் போனது. பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் முல்லைப்பூ மூட்டை. "ஏய், ஏய்!" என்று கத்தினேன். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிரேக் பிடித்ததாகவும் தெரியவில்லை. அடுத்த நொடி நான், அவள், பூ மூட்டை மூவரும் வயல் சேற்றுக்குள் கிடந்தோம். சேறுதான் காப்பாற்றியது. பத்தடி முன்னால் நடந்திருந்தால் கல்பாலம். நாலு மாதம் ஆகிறது.

களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடி வந்து மகளை வரப்பில் சாய்த்துப் படுக்க வைத்தார். "ஏ ஆத்தா, என்ன இப்புடி வெளுத்துக் கெடக்க?" என்று தன் தூக்குவாளியைத் திறந்து நீராகாரத்தை வாயருகே கொண்டுபோனார். மகள் அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

"வேணாங்க. சார்ட்ல இல்ல."

"எதுல இல்ல?"

"டயட் சார்ட்ல. பதினோரு மணிக்கு வெள்ளரிக்காதான்."

"அடி போடி கிறுக்கி. பதினோரு மணி வரைக்கும் நீ இருந்தாத்தானே? குடிடி மொதல்ல!"

குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பெத்தவரு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. புள்ளைக்குச் சோறு போடுறீங்களா, இல்லையா?"

போடவில்லை என்பதுதான் உண்மை. மூன்று வாரமாக எண்ணி எண்ணித்தான் போட்டோம்.

மகளுக்கு இருபத்து நாலு வயது. முட்டி வலி என்று புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, பத்து கிலோ குறைத்தால் சரியாகும் என்று சொல்லி, மாடியில் இருந்த டயட் ஆலோசகரிடம் அனுப்பினார். நன்றாகப் படித்த, மரியாதையாகப் பேசுகிற பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவராக இருப்பார். கணினியைப் பார்த்தபடியே வரிசையாகக் கேட்டார். வயசு, உயரம், எடை, சைவமா அசைவமா. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். மகள் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வேலை பாக்கிறாங்க?"

"வேலை எதுவும் இல்லைங்க மேடம். பி.எஸ்ஸி. முடிச்சுட்டு வீட்லதான் இருக்கா."

பிரிண்டர் ஓடியது. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி. காலையில் இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாத சட்னி. பதினோரு மணிக்கு வெள்ளரிக்காய். மதியம் சோறு நூறு கிராம். ராத்திரி ஒரு சப்பாத்தி. காலை நாற்பத்தைந்து நிமிடம் வேக நடை. மாலையில் ஐந்நூறு ஸ்கிப்பிங். "ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் தெரிந்துதான் சொல்வார்கள் என்று நம்பி வளர்ந்தவன் நான். பள்ளி அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு அச்சடித்த தாள் என்றாலே ஒரு பயம் கலந்த மரியாதை.

என் மகள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். பூ நிறுக்கிற தராசைக் கழுவித் துடைத்து அடுப்படிக்குக் கொண்டுவந்து சோற்றை எடை போட்டாள். நூற்று நாலு கிராம் என்று காட்டினால் நாலு பருக்கையை எடுத்துப் போட்டு மறுபடி பார்த்தாள். மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். என் மனைவி மட்டும், "புள்ள மொகத்துல சிரிப்பே இல்லைங்க. தலை சீவினா கொத்துக் கொத்தா முடி வருது. இதை நிறுத்துங்க" என்றாள். "படிச்சவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். இனி அதை எங்கே போய் அழிப்பது?

விழுந்த அன்றைக்கு, முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டு, ரத்த அழுத்தம் குறைவு என்று தெரிந்துகொண்டு, சேற்றுச் சட்டையை மாற்றிய கையோடு இருவரும் திருவரங்குளத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறினோம். என்னைக் கிளப்பியது பயமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பஸ் குலுங்கக் குலுங்க அந்தச் சார்ட்டின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினேன். அரசாங்கத் தாளில் ஒரு எழுத்து மாற்றிப் போடவும் தயங்குகிறவன் ஒரு நிபுணரைக் கேள்வி கேட்கப் போகிறேன்! அந்தப் பயத்தில் பாதி உற்சாகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

"அப்பா, சண்டை போடாதீங்க. நாந்தான் ஏதாச்சும் தப்பா செஞ்சிருப்பேன்" என்றாள் மகள்.

கேட்டே தீருவது என்று நான் முடிவெடுக்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

ஆலோசகர் எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "வெயிட் எவ்வளவு?" என்பதைத்தான். நாலு கிலோ என்றதும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! நல்லா ஃபாலோ பண்றாங்க. மயக்கம்லாம் ஆரம்பத்துல இருக்கும் சார். உடம்பு பழகிக்கும்."

"மேடம், வண்டி ஓட்டறப்போ மயக்கம். பின்னால நானும் இருந்தேன்."

அவர் பேனாவை வைத்தார்.

"மூணு கேள்வி கேக்கணும்" என்றேன். குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "முட்டி வலின்னுதான் வந்தோம். முட்டி வலிக்கிற புள்ளைய ஐந்நூறு தடவ குதிக்கச் சொன்னது எதுக்கு?"

அவர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். "அது... வெயிட் லாஸுக்கு எல்லாருக்கும் போடறது சார். எடுத்திருக்கணும்."

"ரெண்டாவது. ரத்தம் எடுத்துப் பாக்காம எப்படிங்க இவ்வளவு கொறச்சலாக் கொடுத்தீங்க?"

"பொதுவா ரத்தமெல்லாம் பாக்கறதில்ல சார்" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்! "மூணாவது. இந்தக் கணக்கு யாருக்குப் போட்டது? என் மகளுக்குத்தானா?"

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். "வேலை இல்லை, வீட்டில் இருக்கிறார்னு இருக்கு சார். அதாவது, நாள் முழுக்க உக்காந்தே இருக்கிறவங்க. அவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. சொன்னது நீங்கதான்."

வேலை என்றால் எனக்கு உத்தரவுத் தாள், வருகைப் பதிவேடு. அது அவளுக்கு இல்லை. அதனால் இல்லை என்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும், சொந்தக்காரர்களிடமும், ரேஷன் கார்டு திருத்தும்போதும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

அப்போது மகள் பேசினாள். அந்த அறையில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மேடம், நான் காலைல நாலரைக்கு எந்திரிப்பேன். அஞ்சு மணிக்குப் பூக்கொல்லை. எட்டு மணி வரைக்கும் குனிஞ்சுதான் மொட்டெடுக்கணும். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து நாந்தான். அப்பறம் பூவைக் கமிஷன் கடையில போட்டு, அப்பாவ பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வந்து ரெண்டு மாட்டுக்குத் தண்ணி, புல்லு. வாரத்துல மூணு நாள் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சணும். மதியம் கவர்மென்ட் வேலைப் பரீட்சைக்குப் படிப்பேன். சாயங்காலம் களை. இதுக்கு நடுவுல நீங்க சொன்ன நடை வேற."

"பூவெடுத்து முடிச்சா நடக்கறீங்க?"

"இல்லைங்க, முன்னாடி. இப்ப அதுக்குன்னே நாலு மணிக்கு எந்திரிச்சு. வெறும் வயித்துல."

ஆலோசகர் கையால் நெற்றியைத் தேய்த்தார். "ஐயோ, இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கலையே" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அறையில் கேள்வி கேட்கப் போன நானும், பதில் சொல்ல வேண்டிய அவரும் ஒரே பெஞ்சில் நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகள்போல ஆனோம். அவருக்கு அது என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது. நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சாரி. மொதல்லேர்ந்து வருவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்." நான் இடையில் ஏதோ சொல்லப் போனேன். "சார், ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டினார். மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரிப்பு!

நடை, ஸ்கிப்பிங் இரண்டையும் பேனாவால் அடித்தார். முதலில் ரத்தப் பரிசோதனை. பூக்கொல்லைக்குப் போகும் முன் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி. "எடை மெதுவாத்தான் இறங்கும். பரவாயில்லையா?" என்று கேட்டார். என்னை அல்ல. "பரவால்ல. ஆனா ராத்திரி சப்பாத்தி வேணாம் மேடம், எனக்குப் புடிக்காது. சோறே சாப்பிடறேன்" என்று மகள் பேரம் பேசினாள். நான் வாயை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தில் இரும்புச் சத்து மிகவும் குறைவு என்று வந்தது. ஏற்கெனவே இருந்த குறைவா, எங்கள் மூன்று வாரம் செய்ததா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகம் என்னோடுதான் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். எடை மாதத்துக்கு ஒரு கிலோ குறைகிறது, இடையில் ஒரு மாதம் அதுவும் இல்லை. முட்டி வலி பரவாயில்லை என்கிறாள். முழுக்கப் போய்விட்டது என்று இன்னும் சொல்லவில்லை.

நான் மட்டும் இன்னும் சரியாகவில்லை. விடியுமுன் அடுப்படியில் விளக்கு எரிந்தால் மெல்லப் போய் எட்டிப் பார்க்கிறேன். தட்டில் நேற்றைய சோறும் தயிரும் வெங்காயமும் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும், "போங்கப்பா அங்கிட்டு" என்பாள், வாய் நிறையச் சோற்றோடு.