நடத்தைக்கு இரண்டு வரிகள்

ஒரு மாணவியின் பதின்மூன்று ஆண்டுகளை நற்சான்றிதழின் இரண்டு வரிகளுக்குள் மடித்து வைப்பதும் பாடசாலை அதிபர் தொழிலின் ஒரு பகுதிதான். உண்மையை எழுதினால் பிள்ளைக்குக் கேடு, பொய்யை எழுதினால் நமக்கு உறக்கமில்லை. கல்முனைக்கு அண்மையிலுள்ள பெண்கள் பாடசாலையொன்றில் அதிபராயிருந்த என்னைப்போல், அவ்விரு வரிகளின் முன் பேனையைத் திறந்துகொண்டு நீங்களும் அமர்ந்திருந்தால், இந்த அவதி உங்களுக்குப் புதிதன்று.

மேலே இடமுண்டு

ஒரு முற்பகலில் "கடல் வருது" என்ற செய்தி யாருடைய தொலைபேசியிலிருந்தோ புறப்பட்டு எங்கள் பாடசாலைக்குள் நுழைந்தது. சுனாமி கண்ட எங்கள் கரையில் அவ்விரு சொற்களுக்கு விளக்கம் தேவையில்லை. சிறு வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நெரித்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி ஓடினர். ஒலிபெருக்கியில் நான் இட்ட கட்டளை எவர் காதிலும் விழவில்லை. உயர்தர வகுப்பு மாணவி நுஸ்ஹா படியின் அடியில் கைகளை விரித்து நின்று, பஸ் நடத்துநரின் குரலில் கூவினாள்: "ஒவ்வொராளா ஏறுங்க! மேல எடமிரிக்கி, மேல எடமிரிக்கி!" அழுத பிள்ளைகள் சிரித்தனர், சிரித்தவர்கள் வரிசையாக ஏறினர். ஒருத்திக்கும் சிராய்ப்பில்லை.

செய்தி பொய்யென்று தெரிந்தபின் அவளை அழைத்துப் பாராட்டத் தொடங்கினேன். அவள் முடிக்கவிடவில்லை. "கடலே வந்தாலும் டிக்கட் இல்லாம ஏத்தமாட்டன் டீச்சர்."

வாப்பாவின் ஐயம்

பாலர் பாடசாலை ஆசிரியையாவதே நுஸ்ஹாவின் ஒரே ஆசை. அவள் எங்களை விட்டு விலகியபோது, "விளையாட்டுணர்வும் ஆளுமையும் ஒருங்கே அமையப்பெற்றவர்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் பணிக்காலத்தில் அதைவிடத் துல்லியமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. மருதமுனையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் அவளுடைய வாப்பா, கையிலுள்ள எண்ணெய் படாதிருக்கச் சான்றிதழைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு மறுநாளே வந்தார். நெடுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "எங்கட புள்ள ஒரு ஓட்டத்துலயும் ஓடினதில்ல டீச்சர், விளையாட்டு என்டு எழுதிரிக்கீங்க, நாளைக்கி யாரும் கப்பைக் காட்டச் சொன்னா நான் எங்க போற?"

மாப்பிள்ளை வீட்டார்

எங்கள் பகுதியில் திருமணத்தின்பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார். ஆகவே பெண்ணின் குணத்தை மிகக் கூர்ந்து விசாரிப்பவர் மாப்பிள்ளையின் தாய். அவ்வாறு நுஸ்ஹாவைப் பற்றி விசாரிக்க வந்த ஒருவர், சான்றிதழின் பிரதியை என் மேசையில் விரித்து, 'ஆளுமை' என்ற சொல்லின்மேல் விரலை ஊன்றினார். "ஆளுற புள்ளட ஊட்டுக்கா டீச்சர் என்ட மகன அனுப்பச் சொல்றீங்க?"

இதைக் கேள்விப்பட்டு நுஸ்ஹா சிரித்தாள் என்று அறிந்தேன். அவளுக்கு வேலைதான் முக்கியம்.

நிர்வாகக் குழு

அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஊரில் ஒரு பாலர் பாடசாலைக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. வந்தவர்களுள் கதை சொல்லிக் காட்டும்படி கேட்டபோது குழுவினரையே சிரிக்கவைத்தவள் அவள் ஒருத்திதான். தெரிவானவள் வேறொருத்தி. நிர்வாகக் குழுத் தலைவர் என்னோடு கற்பித்தவர், மூடரல்லர். காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: "சிரிக்கவைக்கிற டீச்சருக்குப் புள்ளைகள் பயப்படாது, ஆளுமையுள்ள டீச்சருக்கு நாங்க பயப்படணும், ரெண்டும் நமக்குச் சரிவராது."

திருத்திய பிரதி

மறு ஆண்டு அதே பாடசாலையில் மீண்டும் வெற்றிடம் வந்தது. நுஸ்ஹா என் அறைக்கு வந்து கதிரையின் நுனியில் அமர்ந்தாள். அன்று அவள் ஒரு பகிடியும் விடவில்லை. "இந்த முறையும் இல்லையென்டா வாப்பா என்னை வெளிநாட்டுக்கு ஊட்டு வேலைக்கி அனுப்பப் போறாராம் டீச்சர்" என்றாள். நேர்முகத்தில் சிரிக்காதே, கேட்டதற்கு மட்டும் விடை சொல், கண்ணைத் தாழ்த்திக்கொள் என்று கூறினேன். பிறகு, முதன்முறையாக, வரியையும் மாற்றினேன்: "அமைதியானவர், அடக்கமானவர், சொற்படி நடப்பவர்."

தட்டச்சிட்ட எழுதுவினைஞர் மீண்டும் மீண்டும் பெயரைப் பார்த்தார். "இது ஆருட சான்றிதழ் டீச்சர்? பேர மாறிப் போட்டுட்டீங்களா?"

நிசப்தம்

வேலை கிடைத்தது. ஓய்வுபெற்று ஓராண்டின்பின், பரிசளிப்புக்கு என்னை அங்கு அழைத்திருந்தனர். முப்பது குழந்தைகள் கைகட்டி, வாய்பொத்தி அமர்ந்திருந்தன. நிசப்தம் அப்பாடசாலையின் பெருமை என்று தலைவர் என் காதில் சொன்னார். ஒரு சிறுமிக்கு எதைக் கண்டோ சிரிப்பு வந்துவிட்டது, தோளிரண்டும் குலுங்கின. நுஸ்ஹா தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். தோள்கள் நின்றன. அப்பார்வையில் கோபமில்லை, வேறெதுவுமில்லை.

விழா முடிந்தபின் அவளைத் தனியே அழைத்தேன். "ஏன் மகள், இந்தப் பிள்ளைகளை நீ சிரிக்க வைப்பதில்லையா?" என்றேன். நேராக நின்று, கண்ணைத் தாழ்த்தி, மரியாதையுடன் விடை சொன்னாள்: "நீங்க எழுதித் தந்த மாதிரித்தானே டீச்சர் இரிக்கன்."

இல்லாத குணத்தை எழுதிக் கொடுத்தால் அது பொய்யாகிவிடுமே என்றுதான் பணிக்காலம் முழுவதும் அஞ்சினேன். உண்மையாகிவிடக்கூடும் என்று கல்வி அலுவலகத்தின் எந்தச் சுற்றுநிருபமும் என்னை எச்சரிக்கவில்லை.