பிலோமியின் நாலு மணி பிரியாணி

இராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வசிக்கும் பிலோமிக்கு வயது அறுபத்திரண்டு. கணவர் இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து மூன்று வருடமாகப் பகலில் அவரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வது நான். பிலோமியைத் தெருவில் கைமணக்காரி என்பார்கள். சமைக்கத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்யத் தெரியாது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வந்துதான் ஐந்து கிலோ வெங்காயத்தை உரிக்க உட்காருவாள். முதல்நாளே நறுக்கி வறுத்து டப்பாவில் போட்டு வைத்தால் பாதி வேலை தீர்ந்தது. இஞ்சி பூண்டை மிக்ஸியில் அரைக்க மாட்டாள், அம்மியில்தான். மாமியார் அப்படித்தான் அரைத்தாராம். அந்த மாமியாருக்குக் கூடமாட மூன்று மருமகள்கள் இருந்ததை மட்டும் மறந்துவிடுவாள். அக்கம்பக்கத்துக்குக் கலகலாவும் அச்சு முறுக்கும் பிரியாணியுமாகப் பதினெட்டுத் தட்டு போன பிறகுதான் வீட்டார் சாப்பிட உட்கார வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு நாலு மணிக்கு முன் வந்ததே இல்லை. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். பிலோமிக்கு மட்டும் அது தெரியாது.

போன கிறிஸ்துமஸுக்கு மகன் ஃப்ரெடி நான்கு வருடம் கழித்து வந்திருந்தான். கப்பலில் ஃபிட்டர். அன்று இரவே சிங்கப்பூர் விமானம் என்பதால் மூன்று மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். இந்த வாட்டி அவன் தன் கையால் சாப்பிட்டே தீரவேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் பிலோமி.

முதல்நாள் சொன்னேன்: "பிரியாணிய மாஸ்டர் சௌக்கத் அலிகிட்ட வுட்டுடு. கறிய நீ வாங்கிக் குடு. பன்னெண்டு மணிக்கு அண்டா வந்துடும். நீ புள்ளையோட உட்காரு."

"இன்னாக்கா பேசுற? நாலு வருஷம் கழிச்சு வந்தவனுக்கு மாஸ்டர் வச்ச சோறா? தெருவே காறித் துப்பும்."

"அப்ப வெங்காயத்தையாவது இன்னைக்கே நறுக்கு."

"வாடை வரும்."

"ஃப்ரிட்ஜ் எதுக்குக் கீது?"

"தண்ணி பாட்டில் வைக்க."

மறுநாள் ஒரு மணிக்கு அவள் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். தங்கை ஃப்ளோரா வந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இது கிறிஸ்துமஸ் சாப்பாடா, நியூ இயர் சாப்பாடா?" என்றாள். பிலோமி கோபித்துக்கொண்டு அவளையும் உதவ விடவில்லை. இரண்டரைக்கு அரிசி இன்னும் உலையில் விழவில்லை. "பத்து நிமிஷம்டா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அப்போது நான் இக்னேஷியஸுக்குக் குழைந்த சோற்றில் வஞ்சிர மீனை முள்ளெடுத்து மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போக வேண்டும் என்பதால் அதைக் காலையிலேயே தனியாக வடித்துவிடுவேன். ஃப்ரெடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தை, எனக்குக் கொஞ்சம் கீதா?"

இரண்டு கரண்டி போட்டேன். உப்பில்லாத அந்தச் சோற்றைச் சத்தம் காட்டாமல் தின்றான். வாசலில் கார் வந்தது. மசாலாக் கையோடு ஓடிவந்த தாயிடம், "வாசனையிலேயே வயிறு ரொம்பிடிச்சிம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

மூன்று ஐம்பதுக்கு பிரியாணியின் தம்மைப் பிரித்தாள். பதினெட்டுத் தட்டும் போயின. பிறகு உட்கார்ந்து அழுதாள். அழ நேரம் இருந்தது. முதல்நாள் வெங்காயம் நறுக்கத்தான் நேரம் இல்லை. நான் அண்டாவில் பிடித்திருந்த அடியைச் சுரண்டினேன்.

இந்த ஈஸ்டருக்கு ஃப்ரெடி பத்து நாள் விடுமுறையில் வந்தான். பெரிய வியாழனன்றே பிலோமி யாருக்கும் கேட்காத குரலில் சௌக்கத் அலிக்குப் போன் போட்டாள். தாளிச்சாவுக்கு மசாலா முதல்நாளே மிக்ஸியில் அரைபட்டு ஃப்ரிட்ஜுக்குள் போனது. தட்டுகளைத் திங்கட்கிழமை அனுப்பலாம் என்று அவளே சொன்னாள். தெருவில் யாரும் காறித் துப்பவில்லை.

ஒரு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஃப்ளோரா வழக்கம்போல வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டிக்கொண்டாள். ஃப்ரெடி மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"சூப்பரா கீதும்மா."

"எல்லாம் நானே பண்ணது" என்றாள் பிலோமி, கூசாமல்.

அண்டாவை எடுத்துப்போக வந்த சௌக்கத் அலி வாசலில் நின்றிருந்தார். பிலோமி அவரைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"பாத்திரம் மட்டும் பாய் வூட்டுது" என்றாள்.

"ஆமாம்மா. பாத்திரம் மட்டும்தான்" என்றார் அவர்.