அட்டையில் ஒட்டிய நாணயங்கள்

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்:

1. நாணயங்களை ஏன் விற்கப் போனேன்
2. கடைக்காரர் எப்படி ஏமாற்றப் பார்த்தார்
3. உங்களிடம் ஓர் உதவி

மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. திங்கட்கிழமைக்குள் பெங்களூர் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டும். தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். விற்பதற்கு மிச்சமிருப்பது என் பழைய நாணயச் சேகரிப்பு மட்டுமே.

இன்று காலை ஓசூர் பஜாரில் பழங்காசு வாங்குபவரிடம் அட்டைகளைக் காட்டினேன்.

“எல்லாம் ராஜா தலையாவே தெரியுது. வருசம் பின்னாடிதான் இருக்கும். திருப்புங்க சார்.”

திருப்ப முடியாது. உதிர்ந்துவிடக் கூடாதென்று, நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரும்போடு இரும்பை ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தேன்.

“கீழ வருசம் எழுதியிருக்கேனே?”

“அது நீங்க எழுதினது சார். காசு சொல்லணும்ல?”

ஒன்றை பிளேடால் பெயர்த்தார். அட்டைதான் கிழிந்தது, பசை காசிலேயே நின்றது. சுரண்டச் சுரண்ட வருடமும் அழிந்துபோனது.

“எடைக்கு வேணா எடுத்துக்கறேன் சார்.”

கோபத்தோடு வந்துவிட்டேன்.

இந்தக் குழுவில் காசைக் கீறாமல் அந்தப் பசையைக் கரைக்கும் வழி தெரிந்தவர்கள், தயவுசெய்து இன்றே எழுதுங்கள்.

எழுதி முடித்தபிறகுதான் உறைக்கிறது. மேலே பட்டியலில் இரண்டாவதாகப் போட்டது தவறு. அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. நான்தான் அவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருக்கிறேன்.