ரெண்டு ஊக்கு

பிள்ளைங்களா, இது என் பொண்ணு ஏழாவது படிக்கும்போது நடந்தது. அப்போது கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தேன். உயரமான ஷெட்டுகள் மேல் ஏறிக் கூரைத் தகரம் மாற்றுகிற வேலை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். சனிக்கிழமை ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு காட்டுக்குக் கூட்டிப்போகிறார்களாம். வழிகாட்ட ஆள் உண்டு. இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகணும், அதுக்குப் பேர் ஜிப்லைன். அப்புறம் குகைக்குள்ளே தேங்கிய தண்ணீரில் நீச்சல்.

நீச்சலுக்கு அவள் பயப்படவில்லை. முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி பம்புசெட் கிணற்றில் நானே பழக்கியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கேன் இல்லாமலே நாலு சுற்று அடித்துக் காட்டினாள். பயமெல்லாம் உயரம்தான். மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர் பக்கமே வரமாட்டாள். ஆனாலும் போகணும் என்று ஆசை.

திங்கட்கிழமை நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "நைனா, தொங்கும்போது உழுந்துட்டா?"

"ரெண்டு ஊக்கு போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

கம்பெனியில் நாங்கள் ஊக்கு என்று சொல்வது, இடுப்பு பெல்ட்டிலிருந்து கயிற்றில் தொங்குகிற இரும்புக் கொக்கியை. ஒரு பெல்ட்டுக்கு ரெண்டு. ஒன்றை மாட்டின பிறகுதான் இன்னொன்றைக் கழட்டணும். வீட்டில் ஊக்கு என்றால் சேஃப்டி பின். எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அவள் பயப்படவே இல்லை. சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினாள். நான் சொன்னது வேலை செய்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையில் துண்டு, மாற்றுத்துணி, டார்ச் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தாலியில மாட்டியிருந்த ஊக்கு ரெண்டும் எங்கடி?"

பொண்ணு பையிலிருந்து பனியனை எடுத்துக் காட்டினாள். தோளுக்கு ஒன்றாக ரெண்டு ஊக்கும் குத்தியிருந்தது.

"நைனாதான் போட்டுக்க சொன்னாரு."

"அய்ய! உங்க நைனா கம்பெனி ஊக்க சொல்லிக்கிறாருடி. இத போட்டுக்கினு தொங்குனா பனியன் மட்டும் அந்தப் பக்கம் போய் சேரும், நீ இங்கயே இருப்ப!"

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், பொண்ணு முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"நான் போவல" என்றாள் அவள்.

ஐந்து நாளாக என் வாய்வார்த்தையை நம்பி, தாலி ஊக்கு ரெண்டு தாங்கும் என்று தொங்கத் தயாராக இருந்திருக்கிறாள்.

பழைய சேலை ஒன்றை அவள் இடுப்பிலும் தொடையிலும் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ரெண்டு துண்டுக் கயிறு, முனையில் வாளிக் கொக்கி. வாசல் கூரையின் இரும்புக் குழாயில் மாட்டினேன். ஸ்டூலைத் தள்ளியதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆடினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இப்ப ஒண்ண மட்டும் கழட்டப் போறேன். பாரு."

கழட்டினேன். விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"நைனா, நீ டெய்லி இப்பிடித்தான் தொங்குறியா?"

"ஆமா."

"ரெண்டும் மாட்டிக்கினுதானே?"

பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கேட்கிறாள். "அவசரத்துல சில நாள் ஒண்ணுதான்" என்றேன்.

என் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பொண்ணு கழட்டின கொக்கியை எட்டிப் பிடித்தாள். பிறகு, "நீ ரெண்டும் மாட்டுறேன்னு சொல்லு. நான் போறேன்" என்றாள்.

சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினாள். தோளில் அம்மாவின் ஊக்கு ரெண்டும் அப்படியே இருந்தது. வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கத்தினாள்: "நைனா, ரெண்டும்!"

நான் நேராக ஷிப்டுக்குப் போனேன். மேலே ஏறியதும் கூட வேலை செய்கிறவர், "இன்னாபா, இன்னிக்கு ரெண்டு மாட்டிக்கினு ஆமை மாதிரி வர?" என்றார்.

"எம் பொண்ணு தொங்குறா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த தகரத்துக்கு நகர, ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழட்டினேன்.