ராசமணி அக்காவின் படம் முழுதாகவே ஓடும்

சிங்கப்பூரிலிருந்து வரும் படப்பெட்டியை இறக்கிக்கொள்ள நான் சிகாமட் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி நிற்பதற்கு முன்பே கார்டு கையை ஆட்டிக் கூப்பிட்டார். "ஒன்னோட பூச்சியக்கா போயிட்டாங்கப்பா. காய்ச்சல் கொண்டுபோயிருச்சு. அவங்க தம்பி ஒன்னைக் கையோட லாபிஸுக்கு வரச் சொன்னாரு." பெட்டியை யாரிடம் ஒப்படைத்தேன் என்பது இப்போது நினைவில் இல்லை. அடுத்த வண்டியில் ஏறிவிட்டேன்.

ராசமணி அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. லாபிஸ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் இன்று ஓடியாடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோரை முதலில் தொட்டுத் தூக்கியது அவர் கைதான். யாழ்ப்பாணத்தில் இளம் வயதிலேயே கணவரை இழந்து, இங்கே ஸ்டேஷன் கிளார்க்காக வந்த தம்பியோடு கப்பலேறி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தவர். தெரியாதவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லாலாங் புல்லுக்குள் வாழும் பூச்சிகளைச் சினிமாப் படமாக எடுத்தவர் அவர்.

சாவு வீட்டில் பெரிய கிராணியார் பேசினார். தோட்டத்து ஆபீசுக்கும் கோயில் கமிட்டிக்கும் தலைவர் அவர்தான் என்பதால் அவர் பேசாமல் எந்தப் பிணமும் எழும்புவதில்லை. "அம்மையார் அடக்கமே உருவானவர். பெரியோர் சொல்லைத் தட்டாதவர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கி வைக்கவும் நான் முயலவில்லை. சாவு வீட்டில் சிரிக்கிறானே என்று பலர் முறைத்தார்கள். முறைக்கட்டும். அக்கா கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பும்போது கிராணியார் என் தோளில் கை போட்டார். "முப்பத்தோராம் நாளு அந்தியேட்டி அன்னிக்குச் சாயங்காலம் கோயில் முன்னால அம்மாவோட படத்தப் போடுவோம். செலவெல்லாம் கமிட்டி பாத்துக்கும். அந்த ஒரு துண்டு மட்டும் வேணாம். எதுன்னு ஒனக்கே தெரியும்" என்றார். எனக்குத் தெரியும். இறந்துபோன பெண்ணால் இனி எதிர்த்துப் பேச முடியாது என்ற தைரியம் அவருக்கு. அந்தப் படச்சுருளை அக்கா என் பெயருக்கு விட்டுப் போயிருக்கிறார் என்பதும், எனக்கு இன்னும் வாய் இருக்கிறது என்பதும் அவருக்கு மறந்துவிட்டது போலும். இதை நான் எழுதுவது அதற்காகத்தான்.

படம் எடுக்கிற பெட்டி அக்காவின் கைக்கு வந்த கதை வேடிக்கையானது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நாற்காலியும் பீங்கான் தட்டும் கொசுவலையும் கைமாறின. பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு மரப்பெட்டியை மட்டும் யாரும் சீண்டவில்லை. காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் என்று நினைத்துவிட்டார்கள். அக்கா அதை வாங்கிக்கொண்டு போனபோது, "மருத்துவச்சியம்மா கடை வைக்கப் போறாங்க போல" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிரித்தார்களாம். கடைசிவரை அதற்குக் காப்பி மிஷின் என்றுதான் பெயர். அக்காவும் அப்படியேதான் சொல்லுவார்.

பூச்சியைப் போய் ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். விடிய விடிய ஒரு பிரசவம் பார்த்துவிட்டு லாலாங் காட்டு வழியாக வந்தாராம். புல் நுனியில் ஒரு வெட்டுக்கிளி தன் பழைய தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்ததாம். "முதல்ல தலை, பிறகு தோள், கடைசியாக் கால். இப்பதான் ஒரு பிள்ளையை எடுத்திட்டு வாறன், அதே மாதிரி வருது தம்பி. அதுக்கும் நோகும்தானே எண்டு நினைச்சன். பக்கத்தில நிண்டு பார்க்க ஒரு ஆளாவது வேணும்" என்றார். அதற்கு மேல் அவர் காரணம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போது நான் சிகாமட்டில் டௌக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கூடாரக் கொட்டகையில் ஊமைப் படங்களுக்குக் கதை சொல்லுகிறவனாக இருந்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் பெயர் வைத்து, வசனம் பேசி, அழுது, பாடி, ஜனங்களைக் கட்டிப் போடுவது என் தொழில். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் நேரே என்னிடம் வந்தார். "நீங்கள் நல்லாக் கதைக்கிறியள் தம்பி. ஆனால் படத்தில இல்லாததையெல்லாம் ஏன் கதைக்கிறியள்?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவரோ அதைக் கவனிக்காமல், சிங்கப்பூரில் கழுவி வந்த தன் படத்தை டௌக்கேயின் மிஷினில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அன்று கொட்டகைத் திரையில் எருமை அளவுக்கு ஒரு வெட்டுக்கிளி தோலை உரித்தது. டௌக்கே கையிலிருந்த தேநீரை ஆறவிட்டார். நான் வாயைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு ஓய்வு நாட்களில் அவரோடு லாலாங் காட்டுக்குப் போக ஆரம்பித்தேன். கோணிச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். பெட்டியின் கண்ணுக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் பூதக்கண்ணாடியை வைத்துக் கட்டியிருப்பார். கைப்பிடியை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வேகம் மாறினால் படம் குதிக்கும். அதற்காக அவர் வாய்க்குள்ளேயே ஒரு தாலாட்டை முனகிக்கொண்டு சுற்றுவார். இலைகளைச் சேர்த்துத் தைக்கிற முசுற்றெறும்பும், சாணியை உருட்டுகிற வண்டும், தும்பியின் வாயில் மாட்டிய கொசுவும் அந்தத் தாலாட்டில்தான் பதிந்தன. அந்த மூலையை மட்டும் புல் வெட்டுகிற பெண்கள் வெட்டாமல் விட்டு வைத்தார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அதட்டினால், "அங்க பாம்பு கெடக்குங்க" என்று ஒரே குரலில் சொல்லுவார்கள். அவர் ஒருநாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை.

மாரியம்மன் திருவிழா வந்தது. அக்காவின் படத்தில் கும்பிடுபூச்சி வருகிறது என்று யாரோ கமிட்டியில் சொல்லியிருக்கிறார்கள். பூச்சிகூடக் கைகூப்பிச் சாமி கும்பிடுகிறது, இதைவிட நல்ல படம் கோயிலுக்கு எது என்று, பார்க்காமலே கிராணியார் அனுமதி கொடுத்துவிட்டார். திருவிழாவுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்குப் போட்டுக் காட்டினோம். பெண் பூச்சி கைகூப்பி நின்றது. கிராணியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆண் பூச்சி வந்தது, சேர்ந்தது. பெண் திரும்பி அதன் தலையைக் கடித்துத் தின்ன ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கம்மா! கோயில் வாசல்ல, பொம்பளைங்க முன்னால, பொண்டாட்டி புருஷனத் திங்கிறதையா காட்டுவாங்க? அத வெட்டிடுங்க."

"வெட்ட ஏலாது ஐயா" என்றார் அக்கா. "பிறகு அவள் முட்டை இடுறாள். அந்த முட்டைக்குப் பெலன் எங்கால வந்தது எண்டு சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

கிராணியார் என் பக்கம் திரும்பினார். அந்த இடம் வரும்போது, 'பத்தினி தன் கணவனின் பாதத்தை வணங்குகிறாள்' என்று நான் உரக்கச் சொல்லிவிட வேண்டுமாம். நான் பதில் சொல்வதற்குள் அக்கா குறுக்கிட்டார். "தம்பி, பொய் சொல்லுறதெண்டால் அந்த இடத்தில பேசாமல் நில்லுங்கோ. அவளே சொல்லுவாள்."

கோயிலில் படமே கிடையாது என்றார் கிராணியார். "சரி ஐயா, காடு இருக்குதுதானே" என்றார் அக்கா. வேலையைப் பறித்துவிடுவேன் என்று மிரட்டினார். "என்ர வேலை போனால் பிள்ளை பிறக்கிறது நிண்டிடுமோ?" என்று கேட்டுவிட்டு அக்கா சுருளைச் சுற்றி டப்பாவில் வைத்து மூடினார்.

திருவிழாவுக்கு அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும் லாலாங் காட்டிலேயே படம் போட்டோம். பிரசவ அறையின் வெள்ளை விரிப்புகளைப் பெண்கள் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டினார்கள். டௌக்கே எஞ்சினையும் மிஷினையும் அனுப்பி வைத்தார். கோயிலுக்கு வந்த கூட்டம் முழுக்க வந்தது. கிராணியாரும் வந்து பின்னால் கை கட்டி நின்றார்.

அந்த இடம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. திரையில் கும்பிடுபூச்சி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அப்போது நிறைமாதமாக இருந்த முனியம்மா, பால் வெட்டுக்குப் போகிறவள், முன்வரிசையிலிருந்து உரக்கச் சொன்னாள்: "அடியே, அது புள்ளத்தாச்சிடி! அதுக்குப் பசிக்காதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இருட்டுக்குள்ளிருந்து இன்னொருத்தி கேட்டாள்: "நமக்கு மட்டும் என்னா, எல்லாரும் தின்னப்புறம் சட்டியச் சொரண்டணுமா?" ஆண்களும் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களின் சிரிப்பு குறைந்தது. லயத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடிந்தால் பால் வெட்டு, வந்து சமையல், புருஷனும் மாமியாரும் பிள்ளைகளும் தின்ற பிறகு மிஞ்சியது வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு. அக்கா வீடு வீடாகத் திட்டியும் மாறாத வழக்கம் அது.

திரையில் பெண் பூச்சி புல் தண்டில் நுரை நுரையாக முட்டைக் கூடு கட்டியது. பிறகு அதிலிருந்து குஞ்சுகள் பொலபொலவென்று வழிந்து இறங்கின. முனியம்மா குலவை போட்டாள். கூட இருந்த பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். பூச்சிக்குக் குலவை போட்ட ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் பேசிய எந்த வசனத்துக்கும் ஜனங்கள் அப்படிப் பொங்கியதில்லை. அக்கா மிஷினைச் சுற்றிக்கொண்டே அழுதார்.

சொன்னபடியே கிராணியார் அக்காவின் வேலைக்கு உலை வைத்தார். அக்கா ஆஸ்பத்திரி வீட்டைக் காலி செய்து, ஸ்டேஷன் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனார். என்ன ஆயிற்று? பெண்கள் தண்டவாளத்து ஓரமாகவே நடந்து அவரைத் தேடிப் போனார்கள். எந்த வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனாலும், 'சாப்பிட்டவளோ?' என்றுதான் அக்கா முதலில் கேட்பார். பல வீடுகளில் பிள்ளைத்தாச்சி முதல் பந்தியில் உட்கார ஆரம்பித்தாள். கிராணியாருக்குப் பிடிக்காதது பூச்சியின் நடத்தை இல்லை, இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராணியாரின் மருமகளுக்கு வலி எடுத்தபோது அவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அக்கா மறுக்காமல் போனார். உள்ளே நுழைந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மருமகள் இல்லை என்று தலையாட்டினாள். "முதல்ல இந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொண்டு வாங்கோ" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வேறு ஆளில்லாமல் கிராணியாரே கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார். அந்தப் பேரன் இப்போது கொழுகொழுவென்று இருக்கிறான். பெரியோர் சொல்லைத் தட்டாதவர் என்று பேசினாரே, கிண்ணம் தூக்கிய அந்த மனிதர்தான்.

பேசும் படம் வந்து என் தொழிலை முடித்துவிட்டது. இப்போது படப்பெட்டி இறக்குகிற வேலைதான் எனக்கு. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சுருளும், படத்தில் இல்லாததைப் பேசாதே என்ற சொல்லும்தான். இரண்டையும் நான் யாருக்கும் வெட்டிக் கொடுப்பதாக இல்லை.

அந்தியேட்டி அன்று பொழுது சாய்ந்ததும் அதே லாலாங் மூலையில் ராசமணி அக்காவின் படம் ஓடும். முழுதாக ஓடும். கமிட்டியின் செலவு வேண்டாம், திரைக்கு விரிப்பைப் பெண்கள் கொண்டு வருவார்கள். முனியம்மா தன் மகளோடு முன்வரிசையில் இருப்பாள். நான் திரைக்குப் பக்கத்தில் நிற்பேன், அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். கிராணியாரும் தாராளமாக வரலாம். வீட்டில் பெண்கள் சாப்பிட்டு முடித்த பிறகு வரட்டும்.