அடி அண்ணாமலையில் அக்காவுக்கு ஒரு சிம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலை தெரியும் அறையாகத் தேடுவார்கள். சென்ற மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் நாங்கள் செல்போன் டவர் தெரியும் அறையைத் தேடிப் போனோம். காரணம் என் அக்கா வள்ளி. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. ஒரு கட்டட நிறுவனத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டுவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றாள். பெற்ற கையோடு, "இனி அந்த மலைப்பக்கம் தனியாக இருக்கப் போகிறேன்" என்று சைகையில் அறிவித்துவிட்டாள். நான் சொன்னால் கேட்கிற ஆளில்லை. காது கேட்டாலும் கேட்டிருக்க மாட்டாள்.

நானும் ஒரு நிபந்தனை போட்டேன். எந்நேரமும் வீடியோ கால் கிடைத்தால்தான் சம்மதம். எங்கள் பேச்சே கையும் முகமும்தான். படம் நின்றுபோனால் அவள் பாதி வாக்கியத்தில் சிலையாகிவிடுவாள். சிக்னல் சரியில்லையென்றால் மறு பேச்சில்லாமல் என்னோடு சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும் என்றேன். அக்கா கட்டை விரலை உயர்த்தினாள்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணி பஸ். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. இறங்கி ஆட்டோ பிடித்து முதலில் செங்கம் ரோடு பக்கம் போனோம். இரண்டு கையிலும் இரண்டு போனை நீட்டிப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்ததை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னாங்க தேடறீங்க?"

"சிக்னல்ங்க. அக்காவுக்கு ரூம் பாக்கறோம்."

"எல்லாரும் மலை தெரியுமா, தண்ணி வருமானுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் இதக் கேட்டுனு வர்றீங்க" என்று சிரித்தார்.

ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சிக்னலுக்குக் குறையில்லை, வாடகைக்கும் குறையில்லை. அதனால் கிரிவலப் பாதையிலேயே இன்னும் மேற்கே, அடி அண்ணாமலைக்குப் போனோம். அங்கே டீக்கடை வைத்திருக்கும் ஜெயந்தியின் வீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மலை உள்ளேயே வந்துவிடும் போலிருந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திரும்பவே இல்லை. அவள் தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, முடிவாகிவிட்டதென்று.

என் போனில் மொட்டைமாடியில் நாலு கோடு, அறைக்குள் வந்ததும் ஒன்று. அக்காவின் பழைய சிம்முக்கு அதுவும் இல்லை. என் கணவரிடம் இரவல் வாங்கி வந்திருந்த போனில்தான் வேறொரு நிறுவனத்தின் சிக்னல் மூலைக்கு மூலை நின்றது. அதை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இருந்து வீடியோவில் அழைத்துப் பார்த்தேன். அக்காவின் விரல் ஒன்றுகூடத் தப்பவில்லை. உடனே டவுனுக்குப் போய் அவள் ஆதாரைக் காட்டி அந்த நிறுவனத்தின் சிம்மையே வாங்கினோம். மாலைக்குள் உயிர் வந்துவிட்டது.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. டேட்டா மட்டும் தரும் பேக் ஒன்று விலை கம்மியாக இருந்தது. "இதுல காலும் மெசேஜும் வராதுங்க, பரவாயில்லையா?" என்று கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார். பேசவே முடியாதவளுக்குக் கால் எதற்கு? அதையே போடச் சொன்னேன். பழைய சிம்மைக் கழற்றி என் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பௌர்ணமி. மதியம் மூன்று மணிக்கு அக்கா தனியாகக் கிரிவலம் கிளம்பினாள். பதினாலு கிலோமீட்டர். நிதானமாக நடந்தாலும் ஏழு மணிக்குள் வந்துவிடலாம். எனக்கு முழங்கால் வலி, ஜெயந்தியின் கடையில் உட்கார்ந்துவிட்டேன். குபேர லிங்கத்தில் அக்கா வீடியோவில் வந்தாள். நெற்றி நிறைய விபூதி. அடுத்து ராஜகோபுரத்திலிருந்து அழைக்கிறேன் என்றாள். அழைப்பு வரவில்லை. நான் அழைத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோடு மட்டும் நாலும் நிமிர்ந்து நின்றது.

ஏழு தாண்டிற்று. பாதை முழுக்கத் தலைகள். பின்னால் வண்டி ஹாரன் அடித்தால் அவளுக்குத் தெரியாதே. சாலைக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஜெயந்தி டீ ஆற்றியபடியே சொன்னாள்.

"இன்னைக்கு வீடியோலாம் போவாதுக்கா. ஊரு உலகமே இங்க வந்து ஒரே டவரப் புடிச்சி தொங்குது. எங்க வூட்டுக்காரு ஷேர் ஆட்டோ ஓட்டறாரு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மிஸ்டு கால் உடுவாரு. நாலு தரம் அடிச்சா ஒரு தரம் போவும். எடுக்க மாட்டேன். ஆளு நல்லாக்கீறாருனு தெரிஞ்சிக்குவேன். உங்க அக்காவயும் ஒண்ணு அடிக்கச் சொல்றதுதான?"

"அவளுக்குக் காது கேக்காதும்மா."

"கேக்காட்டி என்னாக்கா? அடிக்கப் போறது அவங்க. கேக்க வேண்டியது நீங்கதான?"

ஐம்பத்தைந்து வயது வரைக்கும் அக்காவோடு வாழ்ந்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. அவளால் அடிக்கக்கூட முடியாத பேக்கைத் தேடி வாங்கிப் போட்டதும் நான்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று அவள் வாயை இன்னொரு தரம் கட்டிவிட்டேனே என்று அழுதேன். வெட்கமில்லாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே அழுதேன்.

ஏழே முக்காலுக்கு அக்கா வந்தாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் பாதி கடித்த சோளக்கதிர். எனக்கும் ஒன்று வாங்கி முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். கையிலிருந்தவற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது, போன் வேலை செய்யவில்லை, இதற்குப் போய் அழுவாயா என்று ஒரே மூச்சில் சைகை செய்தாள். பிறகு கை அடங்கியது. நிபந்தனை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மேலே ஜன்னலைப் பார்த்தாள். "பெட்டியைக் கட்டட்டுமா?" என்று கேட்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வேண்டாம் என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் அதே கடைக்குப் போய் அளவில்லாமல் பேசும் பேக்கைப் போட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

அங்கே தங்கப் போகிறவர்களுக்கு: சிம் வாங்குமுன் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சிக்னலைப் பாருங்கள். மொட்டைமாடிக் கோடுகளை நம்ப வேண்டாம். மலையின் ஒரு பக்கம் கிடைக்கும் சிக்னல் மறுபக்கம் கிடைக்காது, அதனால் அறையை முடிவு செய்த பிறகு நெட்வொர்க்கை முடிவு செய்யுங்கள். முடிந்தால் இரண்டு நிறுவனங்களின் சிம்மையும் போனிலேயே வையுங்கள், பர்ஸில் அல்ல. பௌர்ணமியன்று எந்த நிறுவனமும் திணறும். பேக் வாங்கும்போது டேட்டாவை மட்டும் பார்க்காதீர்கள், காலும் மெசேஜும் உண்டா என்று கேளுங்கள். யாருக்கு வாங்கினாலும்.

அக்கா இப்போது அந்த அறையில்தான் இருக்கிறாள். போன் மணி ஒரு தரம் அடித்து நின்றால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு தரம் அடித்தால் வீடியோவுக்கு வா என்று அர்த்தம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அடிப்பாள். ஒருநாள் பழக்கத்தில் எடுத்து "ஹலோ" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மலைக்காற்றும் ஜெயந்தி வீட்டுக் கோழிகளும் கேட்டன. அவை அக்காவுக்கே கேட்காதவை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்து நின்றது. ஒரே ஒரு மணி. நான் எடுக்கவில்லை. எனக்குக் கேட்டது அக்காவின் குரல்.