பெயர் சொல்லாத மன்றாட்டு

"ஐஸ் மீனைக் கரைமீனுண்ணு சொல்லி விக்கியவங்க மனந்திரும்பணுமுண்ணு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் செசிலி சொல்லுவாள். பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கும் புதன்கிழமை அன்பியக் கூட்டத்தில் ஆளுக்கொரு மன்றாட்டு வழக்கம். மற்றவர்கள் கடலுக்குப் போன பிள்ளைகளுக்கும் மகளின் விசாவுக்கும் வேண்டிக்கொள்ள, செசிலியின் மன்றாட்டு மட்டும் எதிர்ப்பாயில் இருக்கும் ஷீஜாவின் மேல் போய் விழும். பெயர் சொல்லமாட்டாள். "பெயரு சொன்னா அது புறணி. சொல்லாட்டி ஜெபம்" என்பது அவள் கட்சி. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொல்லும்போது ஷீஜாவும் சொல்லுவாள். அதுவும் நல்ல குரலில். அந்தக் குரல்மேலும் செசிலிக்கு எரிச்சல்தான்.

கருங்கல் சந்தையில் இருவருக்கும் அடுத்தடுத்த இடம். விடியுமுன் தேங்காய்ப்பட்டணம் ஏலத்தில் ஆண்களைத் தோளால் இடித்து விலக்கி மீனெடுத்து, ஆட்டோவில் வருகிறவள் செசிலி. நைட்டிக்கு மேல் மகனுடைய பழைய சட்டை, கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிறு. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவரை, "சாம்பாரு வச்சுத் தின்னுங்க, உடம்புக்கு நல்லதாக்கும்" என்று வழியனுப்புவாள்.

ஷீஜா கடைபோட்டு வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அவளுடைய மீன் வைத்த சருவத்தைச் சுற்றித்தான் கூட்டம். "பல்லக் காட்டினா மீனு விக்குமா?" என்று கேட்ட செசிலி, ஒருநாள் தானும் சிரித்துப் பார்த்தாள். "அக்காவுக்குப் பல்லுவலியா?" என்றார் வாங்க வந்தவர். அதோடு விட்டுவிட்டாள்.

யார் போனாலும் ராஜகுமார் சார் போகமாட்டார் என்று நம்பியிருந்தாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். செசிலியிடம் மட்டுமே வாங்குகிறவர்.

கடல் கலங்கி, ஏலத்தில் விலை ஏறிக் கிடந்த ஒரு காலை. செசிலியின் சருவத்தில் முந்தின நாள் அயிலை மீன். ராத்திரி ஐஸில் கிடந்ததை எடுத்து, இப்போதுதான் கரையேறிய கரைமீன்போல மணலைத் தூவியிருந்தாள். "கள்ளமா இது? மீனுக்குப் பவுடர் போட்டதுபோல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வழக்கம். நிமிர்ந்தால், ராஜகுமார் சார் ஷீஜாவின் முன்னால் நிற்கிறார்.

செசிலி எழுந்தே போய்விட்டாள். "சாறே, செவுளைத் தொறந்து பாருங்க. அப்போ தெரியும் அவளுக்க வண்டவாளம்!" அவர் பார்க்குமுன் தானே ஓர் அயிலையை எடுத்துப் பெருவிரலால் செவுளை நிமிண்டினாள். செத்திப்பூச் சிவப்பு, அன்றைக்குப் பிடித்த மீன். புது ரத்தம் நகக்கண்ணில் இறங்கியது.

எதிரே கணவாய் விற்கும் ஜான்ரோஸ் விடுவானா? "பாத்தாச்சில்லியா அக்கா? இனி உனக்கதிலயும் ஒண்ணு தொறந்து காட்டு!"

சந்தையே சிரித்தது.

"சும்மா இரிங்க அண்ணா" என்றாள் ஷீஜா. "அக்காவுக்க மீனைக் குத்தம் சொல்ல நீங்க ஆரு?" சொல்லும்போது அவள் கண் செசிலியின் சருவத்து மணலில் ஒரு கணம் நின்று விலகியது.

ஷீஜாவுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை புதன்கிழமையும் தெரிந்தேதான் சேர்ந்து ஜெபித்திருக்கிறாள். கூட்டம்தான் போயிற்று, அந்த நல்ல மனசுமா அவளுக்கே வாய்க்கவேண்டும் என்று செசிலிக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மணல் ஒட்டிய அயிலைகள் அவளையே முழித்துப் பார்த்தன.

சங்கடப்பட்டுப்போன ராஜகுமார் சார் பின்னாலேயே வந்தார். குனிந்து பார்க்கவில்லை, பையை விரித்து நீட்டினார். "எனக்கு எப்பவும்போல இங்கேயே போடுங்க அக்கா. கரைமீனுதானே?"

செசிலி மீனை அள்ளினாள். அள்ளின கை பைக்கு மேலேயே நின்றது. பிறகு மீன் திரும்பவும் சருவத்தில் விழுந்தது.

"நேத்தைக்குள்ளது சாறே. ஐஸு."

பையின் வாயைச் சுருட்டி அவர் கையிலேயே திணித்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல், முகவாயை மட்டும் ஷீஜா இருந்த திசைக்கு வெடுக்கென்று ஆட்டினாள்.